நாய் கடித்தவுடன் செய்ய வேண்டியது

(ஊராட்சி உறுப்பினர்களின் பயிற்சிக் கூட்டமொன்றில் அரசு வைத்திய அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரை)



நாய்க்கடியைப் பற்றிச் சொல்ல ஒரு வைத்தியர் வர வேண்டுமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நாய் இல்லாத தெரு இல்லை. நாய்க்கடி படாத குடும்பமும் அரிது. இவ்வாறு பழகிப் போனதே இதிலுள்ள பெரிய அபாயம். பாம்பு தீண்டினால் ஊரே திரண்டு ஓடுகிறது. நாய் கடித்தால், "சிறு கீறல்தானே" என்று சொல்லிக்கொண்டு வயலுக்குப் போய்விடுகிறோம். ஆனால் பாம்பின் விஷம் ஏறிய பின்னரும் மருத்துவமனையில் பலரைக் காப்பாற்ற முடிகிறது. வெறிநாய்க்கடி நோயோ, அதன் குறிகள் ஒருமுறை தோன்றிவிட்டால், ஏறத்தாழ எவரையும் விடுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் மடிகின்றனர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் நம் நாட்டினர். இறப்பவர்களில் 10 பேருக்கு 4 பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

இத்தனைக்கும் இது முழுவதும் தடுக்கக்கூடிய நோய். எவ்வாறு என்பதை அறிய, நோய் செல்லும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெறிகொண்ட பிராணியின் உமிழ்நீரில் நோய்க்கிருமி இருக்கிறது. கடிவாயில் இறங்கிய அக்கிருமி இரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஊர்கிறது. பெரும்பாலும் இதற்கு 2 அல்லது 3 மாதங்கள் ஆகின்றன. சிலருக்கு ஒரு வாரத்திலேயே நோய் காணலாம், சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். முகம், தலை, கழுத்து, விரல்கள் ஆகிய இடங்களில் நரம்புகள் மிகுதி. முகமும் தலையும் மூளைக்கு அருகில் உள்ளவை. ஆகவே அங்கே பட்ட கடி மிகவும் கொடியது. சிறு குழந்தைகளை நாய் பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் கடிப்பதற்குக் காரணம் அவர்களுடைய உயரமே. கிருமி மூளையை அடையுமுன் உடலில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிவிட வேண்டும். சிகிச்சை முழுவதும் இந்த ஒரு போட்டியே.

மந்திரிப்பதாலும் வேர் கொடுப்பதாலும் பிழைத்தவர்கள் இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். கடிக்கும் நாய்கள் எல்லாம் வெறிநாய்கள் அல்ல. வெறி இல்லாத நாய் கடித்தவர் மந்திரித்தாலும் பிழைப்பார், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பார். பெயர் மட்டும் மந்திரித்தவருக்குப் போய்ச் சேரும். வெறிநாய் கடித்தவர் சில மாதங்களுக்குப் பின் இறக்கும்போது, பழைய கடியை யாரும் நினைவு கூர்வதில்லை. நான் யாரையும் குறை கூறவில்லை. எது வெறிநாய் என்பதைக் கடித்த நேரத்தில் முகத்தைப் பார்த்துச் சொல்ல எவராலும் ஆகாது என்பதே விஷயம்.

இப்போது முதற் காரியத்திற்கு வருவோம். மருத்துவமனைக்குப் புறப்படுவதற்கு முன், கடிபட்ட இடத்திலேயே, குழாயடியிலோ பம்பு செட்டிலோ, காயத்தை ஓடுகிற நீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எவ்வளவு நேரம் தெரியுமா? முழுமையாக 15 நிமிடங்கள். கடிகாரம் இல்லாதவர் கழுவிக்கொண்டே இருக்கட்டும். போதும் என்று தோன்றிய பிறகும் கழுவட்டும். இக்கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பாத்திரத்தைச் சோப்பு எவ்வாறு போக்குகிறதோ, அவ்வாறே அந்த உறையையும் கரைத்து, கிருமியைக் கொன்றுவிடுகிறது. விலை மிகுந்த மருந்தும் இந்தச் சோப்புக்கு மாற்றாகாது. குளியல் சோப்பாயினும் துணி சோப்பாயினும் சரியே. ஆழமான குழியாயின் அதன் உள்ளும் நீர் செல்ல வேண்டும். கழுவிய பின் பொவிடோன் அயோடின் மருந்து கிடைத்தால் தடவலாம்.

அதற்கு மேல் எதையும் வைக்காதீர்கள். சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காப்பித் தூள், மஞ்சள், எண்ணெய், சாணம் ஆகிய எதுவும் கிருமியைக் கொல்வதில்லை. காயத்தைப் புண்ணாக்கி, கிருமியை இன்னும் உள்ளே செலுத்துகின்றன. சூடு போடுதலும் கூடாது. இறுக்கிக் கட்டுதலும், அவசரப்பட்டுத் தையல் போடுவித்தலும் கூடாது.

பிறகு அன்றைய தினமே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்க. உடைபடாத தோலை நாய் நக்கியிருந்தால் கழுவினாலே போதும். இரத்தம் வராத சிறு கீறலாயினும் தடுப்பூசி வேண்டும். இரத்தம் கசிந்த கடியாயின், அல்லது புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ நாயின் எச்சில் பட்டிருந்தால், தடுப்பூசியுடன் கடிவாயைச் சுற்றிப் போடும் சீரமும் வேண்டும். தடுப்பூசி உடலைத் தூண்டி எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குவதற்குச் சில நாட்களாகும். அதுவரை காவல் இருப்பது அந்தச் சீரமே. அருகிலுள்ள நிலையத்தில் அது இல்லையெனில், பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். "ஊசிதான் போட்டாயிற்றே" என்று அங்கே போகாமல் இருந்துவிடலாகாது. இன்னுமொன்று: டெட்டனஸ் ஊசி வேறு, வெறிநாய்க்கடி ஊசி வேறு. முன்னதை மட்டும் போட்டுக்கொண்டு, காரியம் முடிந்ததென்று வீடு திரும்புவோரை நான் அடிக்கடி காண்கிறேன்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசிகள் என்ற அச்சம் முதியோரிடம் இன்னும் உள்ளது. அந்த அச்சம் காரணமற்றதன்று. பிரான்சு நாட்டில் லூயி பாஸ்டர் 1885இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இத்தடுப்பு மருந்தைச் செலுத்தி வெற்றி கண்டார். நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907இல் தோன்றியது. பின்னர் காசௌலியில் டேவிட் செம்பிள் என்பார் 1911இல் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து எடுக்கும் மருந்தே நெடுங்காலம் வயிற்றில் போடப்பட்டு வந்தது. இந்தியாவில் 2004ஆம் ஆண்டின் இறுதியோடு அது கைவிடப்பட்டது. இன்று போடப்படுவது புயத்தில்; சிறு குழந்தைக்குத் தொடையில். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நான்கு நாட்கள் வர வேண்டும். முதல் ஊசி போடும் நாளே 0 நாள். தசையில் போடும் முறையாயின் 14ஆம் நாளும் சேரும். கருவுற்ற பெண்களும் போட்டுக்கொள்ளலாம். பத்தியம் எதுவும் இல்லை.

இந்த 28ஆம் நாள்தான் நம்மவர்க்குச் சிரமமானது. புண் ஆறிவிடுகிறது, அறுவடை வந்துவிடுகிறது, ஒரு நாள் கூலியை விட்டுப் பேருந்தில் போவானேன் என்று தோன்றுகிறது. விவசாயக் கூலியாளுக்கு ஒரு நாள் கூலி சிறிய தொகையன்று என்பதை நான் அறிவேன். இங்கேதான் ஊராட்சி உறுப்பினர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, கடிபட்டவர் பெயரையும் நான்கு தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். தேதி வந்தால் முதல் நாள் மாலையில் ஒரு வார்த்தை நினைவூட்டுங்கள். தேதி தவறியவரும், வாரங்கள் கழித்து நினைவு வந்தவரும் கூட உடனே வரட்டும். காலம் கடந்துவிட்டதென்று எந்த வைத்தியரும் திருப்பி அனுப்பலாகாது. முன்னரே முழுமையாகப் போட்டுக்கொண்டவர் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தட்டும். மறுபடியும் கடிபட்டால் அவருக்கு ஊசிகள் குறையும், சீரமும் வேண்டுவதில்லை.

பிள்ளைகளைப் பற்றிக் கூற வேண்டும். நாயைச் சீண்டியதற்காக அடி விழும் என்று பயந்து, கடியைக் கால்சட்டைக்குள் மறைத்துவிடும் சிறுவன் எல்லா ஊரிலும் உண்டு. "சொன்னால் அடிக்க மாட்டோம்" என்று பெற்றோர் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பள்ளி ஆசிரியர்களும் சொல்லட்டும்.

கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். அது தெரிந்த நாயாயின் 10 நாட்கள் கவனித்து வருக. அந்நாட்களுக்குப் பின்னும் அது நலமாக இருந்தால், மீதி ஊசிகளைப் பற்றி வைத்தியர் முடிவு செய்வார். ஆனால் நாயைப் பார்த்துக்கொண்டு ஊசியைத் தள்ளிப் போடலாகாது. இரண்டும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். ஊசி போட்ட வீட்டு நாய் கடித்தாலும் இதே விதிதான். நரி, கீரி, குரங்கு கடித்தால் காத்திருந்து பார்க்கும் பேச்சே இல்லை.

தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்வதும் தடுப்பூசி போடுவதும் 2023ஆம் ஆண்டின் விதிகளின்படி உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு. ஒரு பகுதியின் நாய்களில் 100க்கு 70 வீதம் ஊசி போட்டு வந்தால், அங்கே நோய்ச் சங்கிலி அறுந்துவிடும். இறைச்சிக் கடைக் கழிவுகளைத் தெருவோரம் கொட்டவிட்டு நாய்கள் பெருகிவிட்டன என்று முறையிடுவதில் பயனில்லை.

கூட்டம் தொடங்குமுன் ஓர் உறுப்பினர், வெறிநாய் கடித்த பசுவைப் பற்றிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பசுவின் காயத்தையும் சோப்பு நீரால் நன்கு கழுவி, உடனே கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். மாடுகளுக்கும் கடிக்குப் பிந்தைய ஊசி உண்டு. மாடு தீனி விழுங்க மாட்டாமல், எச்சில் ஒழுக, ஓயாமல் கத்தினால், தொண்டையில் ஏதோ சிக்கியதென்று வாய்க்குள் கையை விடுவது நம் வழக்கம். அதைச் செய்யாதீர்கள், கையிலுள்ள சிறு வெடிப்பே போதும், கிருமி நுழைய. அவ்வாறு கை விட்டவர்கள் கடிபட்டவரைப் போலவே கழுவி, ஊசிக்கு வர வேண்டும். நோய் கண்ட மாட்டைக் கறக்கலாகாது. அதற்கு முன் அதன் பாலைக் காய்ச்சிக் குடித்தவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.