யார் செய்த பாவம்?

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அங்கவீனத்தோடு பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மார் வைத்தியர்களாகிய எங்களிடம் மருந்துக்கு முன் கேட்பது ஒன்றுதான்: "நாங்கள் என்ன பாவம் செய்தோம், டொக்டர்?" வெள்ளவத்தையிலும் இதே கேள்வி, கொட்டாஞ்சேனையிலும் இதே கேள்வி. சைவத் தாய் முற்பிறப்பைச் சொல்லுவார். கிறிஸ்தவத் தாய் கடவுளின் தண்டனை என்பார்.

யோவான் சுவிசேஷத்தின் 9 ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு சீடர்கள் கேட்டதும் இதுதான். அவர் செய்த பாவமுமில்லை, பெற்றோர் செய்ததுமில்லை என்று இயேசு மறுத்தார். வேதபாடத்தில் இதை எழுதி நாங்கள் புள்ளியும் எடுத்தோம். ஆனால் அதே சுவிசேஷத்தின் 5 ஆம் அதிகாரத்தில், 38 வருடம் நோயாய்க் கிடந்து எழுந்தவருக்கு, இனிப் பாவம் செய்யாதே என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. இரண்டு எண்ணமும் திருச்சபைக்குள் ஆரம்பத்திலிருந்தே கூடி வந்தன.

லேவியராகமம் உடற்குறை உள்ளவரைப் பலிபீடத்துக்குக் கிட்ட விடவில்லை. 4 ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட அப்போஸ்தலர் ஒழுங்குவிதிகள் இதை மாற்றின. ஒரு கண் இழந்தவரும் கால் ஊனமானவரும் தகுதியிருந்தால் ஆயராகலாம். உடலின் குறை ஒருவரைத் தீட்டாக்காது. அடுத்த விதியோ செவிப்புலனற்றவரையும் பார்வையற்றவரையும் விலக்குகிறது. தீட்டு என்பதற்காக அல்ல, வேலை தடைப்படுமாம்! இந்தச் சாட்டை இன்றைய நேர்முகப் பரீட்சைகளிலும் கேட்கலாம்.

அதே நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தித்திமுஸ் இருந்தார். நாலு வயதளவில் பார்வை போனது. மரத்தில் செதுக்கிய எழுத்துகளைத் தடவிப் படித்தார் என்கிறார்கள்; பிறெயிலுக்கு ஏறத்தாழ 1500 ஆண்டுகள் முந்திய கதை. ஜெரோம் போன்ற பேரறிஞர் அவரிடம் படித்தார்கள். அவருக்காக யாரோ மரத்தைச் செதுக்கிக் கொடுத்திருக்க வேண்டும். எங்களுக்கு அந்த ஆளைத்தான் அறிய ஆசை.

எங்கள் ஊரிலும் இரண்டு வழியும் உண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து களனி கங்கையைத் தாண்டினால் ஹேந்தளை. அங்கே 1708 இல் ஒல்லாந்தர் தொழுநோயாளருக்கு இல்லம் அமைத்தார்கள். பராமரிப்போடு ஒதுக்கிவைப்பும் சேர்ந்தே நடந்தது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் தெற்கே போனால் இரத்மலானை. மிஷனரி மேரி சப்மன் 1912 இல் தொடங்கிய செவிப்புலனற்றோர், பார்வையற்றோர் பாடசாலை அங்கே இருக்கிறது.

எங்கள் வகுப்பில் போலியோவால் கால் பாதிக்கப்பட்ட ஒருத்தி இருந்தாள். இரும்புச் சட்டம் பூட்டிய காலோடு வருவாள். நாங்கள் அவள் புத்தகப் பையைத் தூக்கினோம், காலைக் கூட்டத்தில் அவளுக்காகச் செபித்தோம். சாதாரண தர வகுப்பு மேல்மாடிக்குப் போனது, அவள் நின்றுவிட்டாள். வகுப்பைக் கீழே இறக்கலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும்தான்.

போன கிழமை அவளைத் தொலைபேசியில் அழைத்தோம். "மண்டபம் மேலேயா, கீழேயா?" என்றுதான் கேட்டாள். மேலே என்று சொல்ல வேண்டியிருந்தது.

நூற்றாண்டுக் கட்டட நிதியில் முதல் வேலையாக ஒரு லிப்ட் கேட்கிறோம். அது வரும்வரை, படியேற முடியாத பிள்ளை இருக்கும் வகுப்பு கீழ்மாடியில் நடக்கட்டும். செயற்குழுவிடம் இதை எழுத்திலும் கொடுத்திருக்கிறோம்.