ஊழியர்களுக்கான கணினிவழிப் பயிற்சியைத் தெரிவுசெய்தல்

சிறு வணிக உரிமையாளர்களுக்கும் பராமரிப்பு இல்ல முகாமையாளர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



தொழில் மேன்முறையீட்டு நியாயமன்றம் 2021 ஆம் ஆண்டில் வழங்கிய ஒரு தீர்ப்பிலிருந்து இவ்வுரையைத் தொடங்குவது பொருத்தமாகும். ஆலே (யூகே) என்னும் நிறுவனத்தில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் 2016 முதல் 2017 வரை தரவுப் பகுப்பாய்வாளராகப் பணியாற்றினார். சக ஊழியர் ஒருவர் அவரது இனத்தைச் சுட்டிப் பலமுறை இழிவாகப் பேசினார். “மூலைக்கடையில் போய் வேலை செய்” என்ற கருத்துப்படச் சொன்னதும் அப்பேச்சுகளுள் ஒன்று. வழக்கு நியாயமன்றத்துக்கு வந்தபோது, ஊழியர்களுக்குச் சமத்துவப் பயிற்சி முன்னரே அளிக்கப்பட்டது என்றும், ஆகவே அந்த ஊழியரின் செயலுக்குத் தான் பொறுப்பாகாது என்றும் நிறுவனம் வாதிட்டது.

இவ்வாதத்துக்குச் சட்டத்தில் இடமுண்டு. ஊழியர் ஒருவர் பணியின்போது செய்யும் பாகுபாட்டுக்குத் தொழில்தருநரே பொறுப்பாவார் என்று 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் கூறுகிறது. எனினும், அதைத் தடுப்பதற்கு நியாயமான நடவடிக்கைகள் அனைத்தையும் எடுத்திருந்தால் அவர் விடுபடலாம் என்று அதன் 109 ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆலே நிறுவனத்துக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. பயிற்சி நடந்தது உண்மை. ஆனால் அது ஓராண்டுக்கும் மேற்பட்ட பழைய பயிற்சி. இழிவாகப் பேசியவர் அப்பயிற்சியைப் பெற்றவர். அதனை அறியவந்த முகாமையாளர்களும் பயிற்சி பெற்றவர்களே. ஆயினும் அவர்கள் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை. பயிற்சியின் பயன் தேய்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்றும், மீண்டும் பயிற்சி அளித்திருக்க வேண்டும் என்றும் முடிவாயிற்று.

இத்தீர்ப்பு சிறு வணிகர்களுக்கும் பெரிதும் பொருந்துவது. வெம்பிளி, ஹரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் ஆகிய இடங்களில் தமிழர் நடத்தும் கடைகளிலும் உணவகங்களிலும் பராமரிப்பு இல்லங்களிலும் சட்டமிட்ட சான்றிதழ்கள் சுவரில் தொங்குவதைக் காணலாம். அவற்றுட் பல, கணினியில் ஓரிரு மணி நேரத்தில் முடிக்கப்பட்ட பயிற்சிகளுக்கு உரியவை. சில இடங்களில் தந்தைக்குரிய தேர்வை ஆங்கிலம் நன்கறிந்த மகனோ மகளோ இருந்து எழுதிக்கொடுப்பதும் உண்டு. பரிசோதகர் வரும் நாளில் அச்சான்றிதழ் ஒரு கேள்விக்கு மட்டுமே விடையளிக்கும். வேலை செய்பவருக்கு என்ன தெரியும் என்னும் அடுத்த கேள்விக்கு அவரே விடையளிக்க வேண்டும்.

ஆகையால், பணம் செலுத்தும் முன்னர் உரிமையாளர் ஒருவர் ஆராய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, சட்டம் கேட்பது யாது என்பதாகும். பயிற்சி விற்கும் நிறுவனங்கள் பலவற்றைச் “சட்டப்படி கட்டாயம்” என்று விளம்பரப்படுத்துகின்றன. உணவைக் கையாளும் ஊழியர் ஒவ்வொருவரும் சுகாதாரச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. அவர் செய்யும் வேலைக்கு ஏற்ற பயிற்சியோ அறிவுறுத்தலோ மேற்பார்வையோ அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் எதிர்பார்ப்பு. அதனைப் பணியிடத்திலேயே அளிக்கலாம். மாறாக, மதுபான விற்பனைக்கான தனிநபர் உரிமம் பெற விரும்புவோர் அங்கீகரிக்கப்பட்ட தகைமையைப் பெற்றாக வேண்டும். கணினியில் வாங்கிய ஏதோவொரு சான்றிதழ் அதற்கு உதவாது. இங்கிலாந்தில் ஒரு தகைமை முறையாக ஒழுங்குபடுத்தப்பட்டதா என்பதை ஒஃப்குவால் அமைப்பின் பொதுப் பதிவேட்டில் எவரும் கட்டணமின்றிச் சரிபார்க்கலாம்.

இரண்டாவது, பயிற்சி அந்த வேலைக்கு உரியதா என்பதாகும். ஒவ்வாமைப் பயிற்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2016 ஆம் ஆண்டில் நட்டாஷா எட்னான் லபரூஸ் என்னும் 15 வயதுச் சிறுமி, ஹீத்ரோ விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டி உணவை உண்டபின் உயிரிழந்தார். ரொட்டி மாவில் எள் கலந்திருந்தது. உறையில் அது குறிப்பிடப்படவில்லை. அவர் பெயரால் வழங்கும் சட்டவிதி 2021 ஒக்டோபர் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. விற்கும் இடத்திலேயே முன்கூட்டிப் பொதி செய்யப்படும் உணவின் உறையில் உள்ளடக்கப் பொருள்கள் யாவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். 14 ஒவ்வாமைப் பொருள்களுள் எதுவேனும் இருந்தால் அது தனித்துத் தெரிய வேண்டும். காலையில் பொரித்துப் பெட்டியிலிட்டு மூடி வைக்கும் மீன் ரோல்ஸுக்கும் இது பொருந்தும்.

பொதுச் சந்தையில் கிடைக்கும் பயிற்சிகள் பெரும்பாலும் சான்ட்விச்சையும் கேக்கையும் காட்டியே விளக்குகின்றன. தமிழ்ச் சமையலறையில் ஆபத்து வேறு இடங்களில் மறைந்திருக்கிறது. தாளிக்கும் கடுகு அந்தப் 14 பொருள்களுள் ஒன்று. நல்லெண்ணெய் எள்ளிலிருந்து வருவது. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலக்கப்படுகிறது. சம்பலில் இடும் மாசிக் கருவாடு மீன் வகையைச் சேர்ந்தது. பொங்கலில் முந்திரியும் நெய்யும் உள்ளன. “பருப்புக் கறியில் ஒன்றுமில்லை” என்று வாடிக்கையாளரிடம் மனமறிந்து பொய் சொல்லாமலே தவறாகச் சொல்லிவிட ஓர் ஊழியரால் இயலும். ஆகவே கணினிப் பயிற்சி முடிந்தவுடன், தமது உணவகத்தின் உணவுப் பட்டியலை எடுத்து, ஒவ்வோர் உணவிலும் அந்தப் 14 பொருள்களுள் எவை உள்ளன என்பதைச் சமையற்காரரும் பரிமாறுவோரும் சேர்ந்து எழுத வேண்டும். அந்த ஒரு மணி நேரமே பயிற்சியின் முதன்மையான பகுதி.

மூன்றாவது, மொழி. ஊழியர்களுக்கு அளிக்கப்படும் பாதுகாப்புத் தகவல் அவர்களால் விளங்கிக்கொள்ளத்தக்கதாக இருக்க வேண்டும் என்று 1999 ஆம் ஆண்டின் பணியிடச் சுகாதார, பாதுகாப்பு முகாமை ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. ஆங்கிலத்தில் ஓடும் காணொளியைப் பார்த்து “அடுத்து” என்னும் பொத்தானை அழுத்திக்கொண்டே செல்பவர் எதனையும் விளங்கிக்கொண்டார் என்று கூற இயலாது. தமிழில் பயிற்சி கிடைக்காவிடின் ஒவ்வொரு பகுதிக்கும் இடையில் நிறுத்தி, மொழி தெரிந்த சக ஊழியர் விளக்க வேண்டும். தேர்வை எழுத வேண்டியவர் அந்த ஊழியரே. பிறர் எழுதிய தேர்வு நேர்மையற்ற பதிவாகும். விபத்தொன்று நேர்ந்தால் அது உரிமையாளருக்கே எதிரான சான்றாக அமையும்.

நான்காவது, பயிற்சி எவ்வாறு சோதிக்கிறது என்பதாகும். முன்பக்கத்தில் படித்த வாக்கியத்தையே அடுத்த பக்கத்தில் கேள்வியாகக் கேட்கும் பயிற்சி, நினைவாற்றலை ஒரு நிமிடத்துக்கு மட்டுமே அளக்கிறது. நல்ல பயிற்சி ஒரு சூழ்நிலையை முன்வைக்கும். இரவு ஒன்பது மணிக்கு, நன்கு அறிமுகமான குடும்பத்துப் பையன் ஒருவன் பியர் வாங்க வருகிறான். அடையாள அட்டை இல்லை. வரிசையில் ஐவர் நிற்கின்றனர். ஊழியர் என்ன சொல்வார்? 25 வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றும் எவரிடமும் அட்டை கேட்க வேண்டும் என்பது பல கடைகள் பின்பற்றும் நடைமுறை. அதனை மனப்பாடம் செய்வது எளிது. அறிமுகமான ஒருவரிடம் “இல்லை” என்று சொல்வது கடினம். அந்தக் கடினத்துக்கே பயிற்சி தேவைப்படுகிறது. தொடர்ச்சியான மூன்று மாதங்களுக்குள் இரு வேறு தடவைகள் ஒரே கடையில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு மதுபானம் விற்கப்பட்டால், விற்றவருடன் உரிமம் வைத்திருப்பவரும் தனிக் குற்றச்சாட்டை எதிர்நோக்கலாம்.

ஐந்தாவது, கணினியால் இயலாதது எது என்பதாகும். முதலுதவி, தீயணைப்புக் கருவியைக் கையாளுதல், நோயாளரைத் தூக்கி அமர்த்துதல் ஆகியவற்றைத் திரையில் பார்த்து மட்டும் கற்க முடியாது. பராமரிப்புத் துறையில் உள்ளோர் ஒலிவர் மகோவன் பயிற்சியை அறிவர். மதியிறுக்கமும் கற்றல் குறைபாடும் கொண்டிருந்த ஒலிவர் 2016 இல், தமது 18 ஆவது வயதில், பிரிஸ்டல் மருத்துவமனை ஒன்றில் உயிரிழந்தார். அவரும் குடும்பத்தாரும் வேண்டாமென்று கூறியிருந்த வகை மருந்து அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அதன்பின் எழுந்த கோரிக்கையின் பயனாக, பராமரிப்புத் தர ஆணைக்குழுவில் பதிவுபெற்ற நிறுவனங்களின் ஊழியர்கள் இவ்விடயத்தில் தமது பணிக்கேற்ற பயிற்சி பெற வேண்டும் என்பது 2022 ஆம் ஆண்டின் சுகாதார, பராமரிப்புச் சட்டத்தின் வாயிலாகக் கட்டாயமாயிற்று. அவர் பெயரிலான பயிற்சியில் கணினிப் பாடம் முதற்பகுதி மட்டுமே. அதன்பின், பொறுப்புக்கேற்ப, நேரலை உரையாடலோ ஒரு நாள் நேர்முக வகுப்போ உண்டு. அக்குறைபாடுகளுடன் வாழ்வோரே அவற்றில் பங்கேற்றுக் கற்பிக்கின்றனர். கணினிப் பாடத்துடன் நிறுத்திக்கொண்ட இல்லம் பயிற்சியை முடித்ததாகக் கொள்ள முடியாது.

ஆறாவது, காலம். கற்றது எவ்வளவு விரைவில் மறந்துபோகிறது என்பதை ஜேர்மனிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885 ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து வெளியிட்டார். இடைவெளி விட்டு மீளக் கற்பதே மறதிக்கு மருந்து. எனவே ஆண்டுக்கொரு முறை மூன்று மணி நேரம் அமர்த்துவதைவிட, மாதந்தோறும் பத்து நிமிடம் ஒதுக்குவது பயனளிக்கும். பாடத்தின் உள்ளடக்கமும் காலத்துக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வேப் கருவிகளின் விற்பனை 2025 யூன் 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. அதனைக் குறிப்பிடாத சில்லறைக் கடைப் பயிற்சி பழையது என்று உடனே அறியலாம்.

ஏழாவது, நேரமும் செலவும். சுகாதார, பாதுகாப்புப் பயிற்சி வேலை நேரத்திலேயே நடைபெற வேண்டும் என்று மேற்கூறிய 1999 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் விதிக்கின்றன. தொழில்தருநர் கட்டாயமாக்கும் பயிற்சிக்குச் செலவாகும் நேரத்தைக் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் வேலை நேரமாகவே கொள்ள வேண்டும். “வீட்டில் இரவு இருந்து செய்து முடி” என்று ஊதியமின்றிக் கூறுவது சட்டச் சிக்கலை உண்டாக்கும். களைத்த கண்களுடன் கற்பவர் மனத்தில் எதுவும் நிற்பதுமில்லை.

செலவைப் பொறுத்தவரை, கட்டணப் பயிற்சியை வாங்குமுன் இலவசமாகக் கிடைப்பவற்றைப் பார்ப்பது நன்று. உணவுத் தர முகவரகம் ஒவ்வாமை பற்றிய கணினிப் பயிற்சியை இலவசமாக வழங்குகிறது. மின்னஞ்சல் மோசடி, கடவுச்சொல் பாதுகாப்பு ஆகியவை குறித்துச் சிறு நிறுவன ஊழியர்களுக்கெனத் தேசிய இணையப் பாதுகாப்பு நிலையம் இலவசப் பாடம் ஒன்றை வைத்துள்ளது. தொழில் உறவுகள் தொடர்பில் அக்காஸ் அமைப்பும் இலவசப் பாடங்களைத் தருகிறது.

இறுதியாக, பயிற்சி பயனளித்ததா என்பதை அறிவது எவ்வாறு? அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கேர்க்பற்றிக் 1959 ஆம் ஆண்டு முதல் எழுதிய கட்டுரைகளில் நான்கு படிகளை வகுத்தார். கற்றவர் பயிற்சியை விரும்பினாரா, கற்றுக்கொண்டாரா, வேலையில் அவர் நடத்தை மாறியதா, அதனால் நிறுவனத்துக்கு விளைந்தது என்ன என்பன அவை. சான்றிதழ் இரண்டாம் படியுடன் நின்றுவிடுகிறது. மூன்றாம் படியை உரிமையாளரே கவனிக்க வேண்டும். பயிற்சி முடிந்து ஒரு மாதத்தின் பின் கவுண்டரில் நிற்கும் ஊழியரிடம், “இந்த வடையில் என்னென்ன உள்ளன?” என்று வாடிக்கையாளரைப் போலக் கேட்டுப் பார்க்கலாம். தயங்கினால் கடிந்துகொள்ளாமல் அவ்விடத்திலேயே மீண்டும் சொல்லிக்கொடுத்து, திகதியையும் கற்பித்ததையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி இருவரும் கையொப்பமிடுவது நன்று. பரிசோதகர் முன்னிலையிலும் நியாயமன்றத்திலும் அத்தகைய குறிப்பேட்டுக்கு மதிப்புண்டு.

ஐயம் எழுந்தால் பரிசோதனை நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நகரசபையின் உணவுப் பாதுகாப்புப் பிரிவையும் உரிமப் பிரிவையும் முன்கூட்டியே அணுகி ஆலோசனை கேட்கலாம். கடைக்கு வருபவர் எள்ளைக் குறித்துக் கேட்கும் அந்த ஒரு கணத்தில், பதில் சொல்லப் போகிறவர் உரிமையாளரின் சார்பிலேயே பேசுகிறார். அவர் சரியாகப் பதில் சொல்வதற்கு வேண்டியதைக் கற்பிக்கும் பயிற்சியே தெரிவுசெய்யத்தக்கது.