நாளைய பயம்
(தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியது)

தோழர்களே!

வறுமை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் வறுமை வேறு. நாளைக்கு என்ன ஆகுமோ என்கிற பயம் வேறு. இந்த இரண்டாவதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று வேலை உண்டு, கூலி உண்டு, அடுப்பும் எரிகிறது. நான்கு நாள் விடாமல் மழை பெய்தால்? சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்தால்? அதே தெருவில் ஒரு சர்க்கார் குமாஸ்தா இருக்கிறார். மழை பெய்தாலும், காய்ச்சலில் படுத்தாலும், மாதம் பிறந்தால் அவருக்குச் சம்பளம் வந்துவிடும். இன்றைக்கு இருவர் வீட்டிலும் ஒரே சோறுதான், தூக்கம் ஒன்றாகுமா?

பயந்த மனிதன் என்ன செய்வான்? முதலில் பெண்டாட்டியின் தோடு அடகுக்கடைக்குப் போகும். பிறகு வட்டிக்காரனிடம் போவான். நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டியென்றால், 10 மாதத்தில் வாங்கிய தொகை முழுதும் வட்டியாகவே போய்விடும். முதல் அப்படியே நிற்கும். இது தெரியாமலா வாங்குகிறான்? தெரிந்தே வாங்குகிறான். பிறகு பையனின் படிப்பு நிற்கிறது. கடன்காரனைக் கண்டால் தோள்துண்டு இடுப்புக்கு இறங்குகிறது. மேஸ்திரி ஏசினாலும் வாய் திறப்பதில்லை. பசி வயிற்றை வாட்டும். இந்தப் பயமோ மனிதனுடைய மானத்தையே தின்றுவிடும்.

இதைத் தலைவிதி என்கிறார்கள். நான் கேட்கிறேன்: ஜெர்மனியில் 1889-லும், இங்கிலாந்தில் 1908-லும் வயோதிகர்களுக்குப் பணம் கொடுக்கச் சட்டம் செய்தார்களே, அன்று பிரம்மா வந்தா அந்நாட்டுக் கிழவர்களின் தலையெழுத்தை அழித்து எழுதினான்? மனிதன் எழுதினான், விதி மாறிற்று!

நம் நாட்டிலும் தமிழ்நாட்டில் 2003-ல் கந்துவட்டியைத் தடுக்கச் சட்டம் செய்தார்கள். நல்ல சட்டந்தான். ஆனால் புகார் கொடுத்துவிட்டால், நாளைக்கு ஆபத்தென்றால் யாரிடம் கடன் வாங்குவது? அந்தப் பயம் இருக்கும் வரை சட்டம் ஏட்டிலேதான் இருக்கும். ஆகையால் பயத்தின் வேரை வெட்டவேண்டும். கட்டட வேலைக்காரர்களுக்கு 1994 முதல் நலவாரியம் இருக்கிறதே, உங்களில் எத்தனை பேர், எத்தனை சித்தாள் பெண்கள், அதில் பெயரைப் பதிந்திருக்கிறீர்கள்?

ஆகவே தோழர்களே! நாளைக்கே போய்ப் பெயரைப் பதியுங்கள். சங்கத்தில் சேருங்கள். அங்கே கொடுப்பது போதாதென்றால் கூட்டமாய்ப் போய்க் கேளுங்கள். தருமம் என்று கேட்காதீர்கள். ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தவன் நிம்மதியாய்த் தூங்க வேண்டாமா என்று கேளுங்கள்!