பதினாறு குண்டுகளும் ஒரு ரிப்போர்ட்டும்



போலீஸ் அதிகாரமும் அது பொது ஜனங்களுக்கு ஜவாப் சொல்ல வேண்டிய கடமையும் என்பது பற்றிப் பேச வேண்டுமென்று கட்டளையிட்டிருக்கிறீர்கள். பொதுப்படையாகப் பேசினால் நீங்களும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். ஆகையால் ஒரே ஒரு சங்கதியைத் தேதிவாரியாகச் சொல்லுகிறேன். அது அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தில் நடந்தது.

சிக்காகோ என்றதும் நம்மவர்களுக்கு 1893-ல் அங்கு சர்வமத மகாசபை நடந்ததும், விவேகானந்தர் பேசியதுந்தான் ஞாபகத்துக்கு வரும். உலகத்து மதங்களெல்லாம் கூடிச் சகோதரத்துவம் பேசிவிட்டுப் போய் 121 வருஷம் கழித்து, அதே ஊர்த் தெருவில் 17 வயதுப் பையன் ஒருவனை ஒரு போலீஸ்காரர் பதினாறு முறை சுட்டார். பையன் பெயர் லக்வான் மக்டொனால்டு, கறுப்பு இனத்தவன். சுட்டவர் ஜேசன் வான் டைக், வெள்ளைக்காரர். நடந்தது 2014 அக்டோபர் 20-ந் தேதி இரவு.

லாரிகள் நிறுத்துமிடத்தில் பையன் திருட முயன்றதாகத் தகவல் போய்ப் போலீசார் வந்தார்கள். அவன் கையில் மூன்று அங்குலக் கத்தி இருந்தது. போலீஸ் வண்டியின் டயரிலும் குத்தினான். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் முதலில் வந்த போலீசார் அவனைப் பின்தொடர்ந்தே போனார்கள்; சுடவில்லை. மின்சார அதிர்ச்சி கொடுத்து மடக்கும் கருவியைக் கொண்டுவரச் சொல்லிக் காத்திருந்தார்கள். அவர்கள் இடுப்பிலும் துப்பாக்கி இருந்தது. அவர்களுக்கும் உயிர் வெல்லந்தான். பிறகு வந்த வான் டைக், வண்டியை விட்டு இறங்கிய சுமார் ஆறு விநாடிக்குள் சுட ஆரம்பித்து, துப்பாக்கி காலியாகும் வரையில் சுட்டார். பெரும்பாலான குண்டுகள் பையன் கீழே விழுந்த பிறகு சுடப்பட்டவை. அங்கிருந்த மற்றப் போலீசாரில் ஒருவர்கூட ஒரு குண்டும் சுடவில்லை.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. பையன் கத்தியை வீசிக்கொண்டு போலீசாரை நோக்கி வந்தான், உயிருக்குப் பயந்து சுட வேண்டியதாயிற்று என்று ரிப்போர்ட்டு எழுதினார்கள். சுட்டவர் மாத்திரமல்ல, உடனிருந்தவர்களும் அதற்கு ஒத்தாற்போல் எழுதினார்கள். மேலதிகாரிகள், சுட்டது நியாயமே என்று ஒப்பமிட்டார்கள். ஆனால் போலீஸ் வண்டியிலேயே பொருத்தியிருந்த படக்கருவி நடந்ததைப் பதிவு செய்திருந்தது. அதில் பையன் போலீசாரை விட்டு விலகி நடந்து போகிறான்!

தோழர்களே! ரிப்போர்ட்டு என்பது என்ன? ஓர் உத்தியோகஸ்தர் தம் காரியத்தைப் பற்றித் தாமே எழுதிக்கொண்ட காகிதம். முத்திரை குத்தியவுடன் அது வேதவாக்காகிவிடுகிறது. ரிஷி சொன்னார், ஏனென்று கேளாதே என்பதற்கும், இன்ஸ்பெக்டர் எழுதினார், ஏனென்று கேளாதே என்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் கேட்கிறவன் பாவி. அதிலும் புராணமாவது எழுதி ஆயிரம் வருஷமான பொய். இந்தப் புராணத்தை அன்றிரவே எழுதினார்கள்!

படத்தை உடனே காட்டினார்களா? இல்லை. 2015 பிப்ரவரியில் ஜேமி கால்வன் என்ற பத்திரிகைக்காரர் பிரேதப் பரிசோதனை அறிக்கையை வாங்கிப் பதினாறு குண்டுகள் என்பதை வெளிப்படுத்தினார். ஏப்ரல் 7-ந் தேதி மேயர் ராம் இமானுவேல் மறு ஓட்டெடுப்பில் ஜெயித்தார். ஏப்ரல் 15-ந் தேதி நகரசபை, பையன் குடும்பத்தார் வழக்குப் போடுவதற்கு முன்பே, 50 லட்சம் டாலர் கொடுக்க எதிர்ப்பு ஓட்டு ஒன்றுகூட இல்லாமல் தீர்மானித்தது. தேர்தலுக்காகவே மறைத்தார்கள் என்று ஜனங்கள் சொன்னார்கள், மேயர் மறுத்தார். அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் கண்டேனா? ஆனால் அந்த 50 லட்சம் யார் வீட்டுப் பணம்? சுட்டவர் பணமா, ஒப்பமிட்டவர் பணமா? வரி கொடுத்த ஜனங்களின் பணம். பணம் கொடுத்தவனுக்குப் படம் பார்க்க உரிமையில்லை!

பிராண்டன் ஸ்மித் என்ற மற்றொரு பத்திரிகைக்காரர், தகவல் கேட்கும் சட்டப்படி கோர்ட்டுக்குப் போனார். படத்தை வெளியிடும்படி நீதிபதி உத்தரவு போட்டார். 2015 நவம்பர் 24-ந் தேதி படம் வெளிவந்தது. வான் டைக் மேல் கொலைக்குற்றம் சாட்டியதும் அதே நாள்தான். அதுவரை 13 மாத காலம் சர்க்கார் வக்கீலுக்குக் குற்றம் சாட்டக் கை வரவில்லை. சுட்டவர் சம்பளத்தோடு ஆபீஸ் வேலையில் இருந்தார். ஜனங்கள் பார்க்கப்போகிறார்கள் என்றவுடன் சட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது!

பிறகு ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். ஒரு வாரத்தில் போலீஸ் தலைவர் மெக்கார்த்தியை மேயர் நீக்கினார். சர்க்கார் வக்கீல் அனிதா ஆல்வரெஸ் 2016 மார்ச்சில் தம் கட்சிக்குள் நடந்த தேர்தலிலேயே தோற்றார். மேயர் 2018-ல், மறுபடி நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார். அதே வருஷம் அக்டோபரில் ஜூரிகள், வான் டைக் இரண்டாந்தரக் கொலை செய்தாரென்றும், குண்டுக்கொன்றாகப் பதினாறு கொடுங்காயக் குற்றங்கள் செய்தாரென்றும் தீர்ப்புச் சொன்னார்கள். தண்டனை 81 மாதம். மூன்று வருஷத்துக்குச் சற்று மேலிருந்து, 2022 பிப்ரவரியில் வெளியே வந்துவிட்டார். உண்மையை மறைத்ததாக வழக்குத் தொடரப்பட்ட மூன்று போலீசாரை 2019 ஜனவரியில் நீதிபதி விடுதலை செய்தார். ரிப்போர்ட்டு எழுதியதற்காக ஜெயிலுக்குப் போனவர் ஒருவருமில்லை. அந்த வருஷம் ஜூலையில் நான்கு போலீசாரை வேலையிலிருந்து தள்ளினார்கள், அவ்வளவுதான்.

சிலர், பையன் யோக்கியனல்ல, அவன் உடம்பில் போதை மருந்து இருந்ததே என்று கேட்கிறார்கள். இருந்தது. பெற்றவளிடமும் வளராமல் சர்க்கார் பராமரிப்பில் வளர்ந்த பிள்ளை. ஆனால் யோக்கியனுக்கு மட்டுந்தான் உயிர் வைத்திருக்க உரிமை என்று சட்டமிருக்கிறதா? குற்றவாளியானால் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்து. தெருவிலேயே தீர்ப்புச் சொல்லத் துப்பாக்கி கொடுக்கவில்லை. இப்படிக் கேள்வி கேட்டால் போலீசார் பயந்து வேலை செய்யமாட்டார்கள் என்றும் சொல்லுகிறார்கள். சுடாமல் நின்ற போலீசாரும் அன்றிரவு வேலைதான் செய்தார்கள்.

நேரமாகிவிட்டது. சந்தேகமுள்ளவர்கள் சீட்டில் எழுதி அனுப்பலாம். தெரிந்தவரையில் பதில் சொல்லுகிறேன். அந்த ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருக்கும் போலீஸ் தோழரும் கேட்கலாம். நான் பேசினதை உள்ளபடி எழுதிக்கொள்ளும்படி மாத்திரம் அவரைக் கேட்டுக்கொண்டு உட்காருகிறேன்.