ஸ்கோர்போர்டில் வராத பெயர்



விளையாட்டு மேடை என்றால் ஆட்டக்காரர்களைப் பாராட்டுவோம். இன்று நான் பேசப்போவது ஆட்டத்தை நடத்தியவரைப் பற்றி. அமெரிக்க பேஸ்பாலில் 1947-ல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு இறங்கி, நிறத்தடையை உடைத்தார். அது ஊரறிந்த கதை. ஆனால் 1945-லேயே அவரை ஒப்பந்தம் செய்தவர் பிராஞ்ச் ரிக்கி, அந்த கிளப்பின் நிர்வாகி. அந்தக் கையெழுத்து விழாமல் ராபின்சன் அந்த மைதானத்தில் கால் வைத்திருக்க முடியாது.

நம்மிடமும் அப்படி ஒருவர் இருந்தார். எம்.ஏ.சிதம்பரம். சேப்பாக்கம் ஸ்டேடியம் அவர் பெயரில்தான் இருக்கிறது. வர்ணனையாளர்களைத் தவிர யாரும் அதை முழுசாகச் சொல்வதில்லை! ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன், 1955-ல் சென்னை மேயர், தூத்துக்குடி ஸ்பிக் ஆலையின் நிறுவனர். 1960 முதல் 1963 வரை இந்திய கிரிக்கெட் வாரியத் தலைவர்.

அந்த மூன்று வருஷத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1961-62 பருவத்தில் இங்கிலாந்தை முதன்முறையாக ஒரு தொடரில் வென்றோம். அந்தக் கொண்டாட்டம் அடங்குவதற்குள் அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. பார்படாஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டையைப் பிளந்தது. எதிரணி கேப்டன் ஃபிராங்க் வொரெல் ரத்தம் கொடுத்தார். 21 வயது பட்டோடி கேப்டனானார். ஐந்து டெஸ்ட், ஐந்திலும் தோல்வி.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? இரண்டு பேரை அணியிலிருந்து தூக்கியிருப்போம், ஒரு கமிட்டி போட்டிருப்போம். சிதம்பரம் தலைமையிலிருந்த வாரியம் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தே நான்கு வேகப்பந்து வீச்சாளர்களை வரவழைத்தது. ராய் கில்கிறிஸ்ட் ஹைதராபாத்துக்கு, லெஸ்டர் கிங் வங்காளத்துக்கு, சார்லி ஸ்டேயர்ஸ் பம்பாய்க்கு, செஸ்டர் வாட்சன் டெல்லிக்கு. 1962-63 ரஞ்சிப் போட்டிகளில் நம் பையன்கள் அந்த வேகத்தைத் தங்கள் ஊர் மைதானத்திலேயே சந்தித்தார்கள். வங்காளத்தின் பங்கஜ் ராய், கில்கிறிஸ்டுக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். ஒரு பருவத்தில் பயம் முழுக்கத் தெளிந்துவிடுமா? தெளியாது. ஆனாலும் வலி எங்கே என்று பார்த்து அங்கேயே மருந்து வைத்த முடிவு அது.

அவரைக் குறையே இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. அரண்மனைப் பிள்ளை என்பதால் கதவுகள் தாமாகத் திறந்தன. மாநிலக் கிரிக்கெட் சங்கத்தின் தலைவர் நாற்காலியிலும் பல பத்தாண்டுகள் இருந்தார். அவ்வளவு காலம் யார் உட்கார்ந்தாலும் எனக்கு உடன்பாடில்லை. கிரிக்கெட் நிர்வாகிகளுக்கு லோதா குழு சொன்ன 70 வயது வரம்பை 2016-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நல்ல காரியம்.

சரி, நம் அந்தமான் தீவுக்கு வருவோம். 2018-ல் நிகோபார் பையன் ஈசோ ஆல்பன் சுவிட்சர்லாந்தில் ஜூனியர் உலக சைக்கிள் பந்தயத்தில் வெள்ளி வாங்கினான். அதே 2018-ல் புதுச்சேரி ரஞ்சிக் கோப்பையில் நுழைந்தது. அதுவும் யூனியன் பிரதேசம்தான், நம்மைப் போல. நமக்கு இன்றுவரை ரஞ்சி அணி இல்லை. காலில் வலு இல்லாத ஊர் இல்லையே இது! மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்க ஆள் வேண்டும். லீக் அட்டவணை போட, பையன்களின் பிறப்புச் சான்றிதழைச் சரிபார்க்க, கணக்கைத் தணிக்கைக்குக் கொடுக்க, மெயின்லேண்டுக்கு மனுமேல் மனு எழுத ஆள் வேண்டும். இங்கே பி.காம். படித்த பிள்ளைகள் இருக்கிறீர்கள், அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்ற ஐயாமார்கள் இருக்கிறீர்கள். ஆட்டக்காரர்கள் பிறகு வரட்டும். கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.