கயிற்றின் புரியிற் காணும் பழுதுகளும் அவற்றைத் தீர்க்கும் வழியும்



கிணற்றில் நீர் மொள்பவரும் தோணியைக் கரையிற் கட்டுபவரும் நம்பியிருப்பது கயிற்றையே. அது நடுவில் அறுமாயின் பொருள் மட்டுமன்றிச் சில வேளைகளில் உயிருக்கும் மோசம் நேரிடும். ஆதலால் புரியிற் காணும் பழுதுகளைத் திரிக்கும் இடத்திலேயே கண்டு திருத்துதல் அவசியமாகும்.

தென்னை நாரை நிலையான ராட்டின் இரண்டு கதிர்களில் மாட்டி, பின்னோக்கி நடந்து இரண்டு புரிகள் இழுக்கப்படுகின்றன. பின்பு அவற்றின் முனைகள் எதிரேயுள்ள நகரும் ராட்டின் ஒரே கதிரிற் சேர்க்கப்பட்டு, எதிர்த்திசையில் முறுக்கப்படுகின்றன. புரி அவிழ முயல்வதும் கயிறு அவிழ முயல்வதும் ஒன்றையொன்று தடுப்பதனாலேயே கயிறு பிரியாமல் நிற்கின்றது.

முதற் பழுது, புரி ஓரிடத்திற் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருத்தல். நாரில் மட்டைத் தூள் தங்கியிருத்தலும், கை நாரை ஒரே அளவாக விடாமையுமே இதற்குக் காரணங்கள். நாரை நன்கு உதறி, நீண்டதையும் குட்டையானதையும் கலந்து சீராக விடவேண்டும்.

இரண்டாவது, ஒரு புரி இறுகி, மற்றொன்று தளர்ந்து அதன்மேற் சுருண்டு ஏறுதல். இதுவே மிகக் கொடியது. பாரம் முழுவதும் இறுகிய புரியின்மேல் விழுவதால் அது முதலில் அறும்; பின்பு மற்றதும் தாங்காது. இரண்டு கதிர்களிலும் சுண்ணாம்புப் புள்ளியிட்டு, புரிகள் மாட்டியிருக்கும்போதே சக்கரத்தை ஒரு முறை மெதுவாகச் சுற்றி, கதிர்களின் சுற்றுக்களை எண்ணுக. கணக்கு வேறுபடின், சுற்றுக் குறைந்த கதிரை ஓட்டும் கயிறு தளர்ந்து வழுக்குகின்றது; அதனை இறுக்கவேண்டும். கணக்கு ஒத்திருப்பின், புரிகளின் நீளத்தைச் சரிபார்க்கவேண்டும்.

மூன்றாவது, கயிறு முடங்கிச் சுருளுதல். கயிற்றின் நடுப்பகுதியை வளையமாகத் தொங்கவிட்டால் அது அசையாது நிற்கவேண்டும். தானே சுழன்று பின்னிக்கொள்ளுமாயின் இருவகை முறுக்குகளும் ஒவ்வவில்லை. எத்திசையிற் சுழல்கின்றதென்று பார்த்து, மிகுந்த முறுக்கைக் குறைக்கவேண்டும். ஒரு வேளையில் ஒரு திருத்தமே செய்க. பல திருத்தங்களை ஒருங்கே செய்தால் பழுதின் காரணம் புலப்படாது.

இரும்புக் கயிற்றுக்கும் நியதி இதுவே. 1834-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துக் கிளாஸ்தால் சுரங்கத்தில் வில்ஹெல்ம் ஆல்பெர்ட் என்பவர், நான்கு கம்பிகள் கொண்ட புரிகள் மூன்றைச் சேர்த்து இரும்புக் கயிறு திரித்தார். சங்கிலியில் ஒரு வளையம் முறிந்தால் பாரம் விழுந்துவிடும். கயிற்றில் ஒரு கம்பி முறிந்தாலும் ஏனையவை தாங்கும். ஆயினும், எல்லாக் கம்பிகளும் ஒரே இறுக்கத்தில் இருந்தாலன்றி இந்நன்மை கிட்டாது.

சங்கத்தின் பெயரால் விற்கும் ஒரு கட்டில் பழுதான கயிறு ஒன்று இருப்பினும், வாங்குவோர் கட்டு முழுவதையும் தள்ளிவிடுவர். நேர்த்தியாகத் திரித்தவரின் கூலியும் அதனோடு போகும். ஆகவே நாள்தோறும் வேலை தொடங்குமுன் கதிர்களைச் சோதிப்பது ஒவ்வோர் அங்கத்தினரின் கடமையாகும்.