நடுவரின் நாற்காலி

(விழாவின் இரண்டாம் நாள், சிறுவர் புதிர்ப் போட்டியின் தொடக்கத்தில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு இதே மண்டபத்தில் நடந்த கனசதுரப் போட்டியின் முடிவில் ஒரு சிறுமி அழுதுகொண்டே வீடு சென்றாள். நடுவர் தம் உறவினர் பிள்ளைக்குச் சில நொடிகளை விட்டுக்கொடுத்துவிட்டார் என்பது அவள் பெற்றோரின் மனக்குறை. அந்த நடுவர் நான்தான். விட்டுக்கொடுக்கவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். ஆயினும் அதனைக் காட்ட என்னிடம் கையொப்பமிட்ட ஒரு சீட்டுக்கூட இல்லை. கையில் கட்டியிருந்த கடிகாரமும் என் வாய்ச்சொல்லுமே சாட்சி.

அதன்பின் என் பேரன் சென்னையில் நடந்த ஒரு போட்டிக்கு என்னை அழைத்துச் சென்றான். ஹங்கேரி நாட்டின் கட்டடக்கலை ஆசிரியர் எர்னோ ரூபிக் 1974இல் உருவாக்கிய அந்த வண்ணக் கனசதுரத்தை அறியாத பிள்ளைகள் இங்கு இலர். 1982இல் புடாபெஸ்ட் நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது. மின் தாய் என்பவர் 22.95 நொடிகளில் வென்றார். அடுத்த உலகப் போட்டி 2003இல்தான். 2004இல் தோன்றிய உலக கியூப் சங்கத்தின் விதிகளே இன்று இப்போட்டிகளை நெறிப்படுத்துகின்றன. அங்கே நடுவராக அமர்வோர் ஊதியம் பெறும் வல்லுநர் அல்லர். பெரும்பாலும் சற்றுமுன் ஆடி எழுந்த போட்டியாளர்களே. நண்பனுக்கு நண்பனே நடுவர்! இது எவ்வாறு இயலும் என்று பார்க்கவே நாள் முழுவதும் அமர்ந்திருந்தேன்.

கனசதுரத்தைக் கலைப்பவர் ஒருவர், ஆட்டத்தைக் கண்காணிப்பவர் மற்றொருவர். எப்படிக் கலைப்பது என்பதைக் கணினி முடிவு செய்கிறது. ஒரு குழுவினர் அனைவர்க்கும் ஒரே கலைப்பு. கலைத்ததை மூடி மறைத்தே மேசைக்குக் கொண்டு வருகின்றனர். மூடி எடுத்தபின் பார்த்துச் சிந்திக்க 15 நொடி. எட்டாம் நொடியிலும் பன்னிரண்டாம் நொடியிலும் நடுவர் உரக்கச் சொல்ல வேண்டும். முடிவில் ஆடியவரும் நடுவரும் சீட்டில் கையொப்பமிடுகின்றனர்.

என்னை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொரு விதி. ஆட்டத்தின் நடுவே எவரேனும் மேசையை இடித்துவிட்டால் மறுவாய்ப்புக் கேட்கலாம். ஆனால் அந்த நேரத்திலேயே, ஆட்டத்தை முடிக்கும் முன்னரே கேட்க வேண்டும். முடித்து, கடிகாரத்தைப் பார்த்து, அந்த எண் பிடிக்காமற்போன பின் கேட்க இயலாது. முடிவு நமக்குச் சாதகமானால் குறையை மறந்துவிடுவதும், பாதகமானால் தேடி எடுப்பதும் நாம் அறியாதனவா? சொத்துப் பங்கீட்டில் பார்த்திருக்கிறோமே!

பிற்பகலில் ஆள் போதாமையால், விதிகளைச் சொல்லிக்கொடுத்து என்னையும் அமர்த்திவிட்டனர். எதிரே வந்தவன் எங்கள் தெருப் பிள்ளை. அவன் பாட்டியார் பார்வையாளர் வரிசையில். பையன் 14.86 நொடியில் கைகளை வைத்துக் கடிகாரத்தை நிறுத்தினான். கடைசி அடுக்கு சாய்ந்து நின்றது. சாய்வு 45 பாகைக்குள் என்றால் குற்றமில்லை. மிஞ்சினால் 2 நொடி தண்டம். 'சரியாகத்தான் இருக்கிறது' என்று சொல்ல என் நா எழுந்தது உண்மை. பையனோ கையை நீட்டினான். நடுவர் பார்த்து முடிக்குமுன் தொட்டால் அம்முயற்சியே செல்லாமற் போகலாம். "தொடாதே, தம்பி" என்று தடுத்து, சங்கத்தின் பிரதிநிதியை அழைத்தேன். அவர் குனிந்து இருபுறமும் பார்த்தார். இரண்டு நொடி என்றார். 16.86 என்று எழுதினேன். பையன் ஒரு கணம் தயங்கிப் பின் கையொப்பமிட்டான். பாட்டியார் மட்டும் மாலை வரை என்னிடம் பேசவில்லை.

இன்று நம் மேசைகளிலும் மூடிகள் உள்ளன, சீட்டுகள் உள்ளன, கலைப்பவர் தனியே இருக்கிறார். தத்தம் வீட்டுப் பிள்ளைகள் ஆடும் மேசையில் எவரும் அமர்வதில்லை என்பது நாமே சேர்த்துக்கொண்ட விதி. சென்ற ஆண்டு அழுத சிறுமி இன்றும் ஆட வந்திருக்கிறாள். நான் சீட்டுகளை எண்ணி வாங்கும் பணியை ஏற்றிருக்கிறேன். ஏழாம் மேசைக்கு மட்டும் இன்னும் நடுவர் அமையவில்லை. முன்வரும் பெரியோர் மேடையின் இடப்புறம் வந்து பெயர் தருமாறு வேண்டுகிறேன்.